உள்நாட்டார் அயலாரான வரலாறு: 1937ஆம் ஆண்டுப் பர்மாப் பிரிவினையும் அந்தமான் கடலின் இரு கரைகளும்

முன்னுரை

ஒரு நாடு தான் உறுப்பாக இருந்துவந்த அரசியல், பொருளியல் ஒன்றியத்தைவிட்டு விலகும்போது ஏற்படும் விளைவுகள் யாவை என்னும் வினா அண்மைக் காலத்தில் உலகெங்கும் பேசப்பட்டது. 2016ஆம் ஆண்டு சூன் 23 அன்று நிகழ்ந்த பொதுவாக்கெடுப்பின்படி, 2020ஆம் ஆண்டு சனவரி 31 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியது. தமிழ்ச் சூழலில் இந்நிகழ்வு ஒரு தொலைவுச் செய்தியாகவே படிக்கப்பட்டது. ஆயின், இத்தகைய விலகல் ஒன்றின் விளைவைத் தமிழர் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே தம் வாழ்வில் அறிந்துள்ளனர். 1937ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பர்மா, பிரித்தானிய இந்தியாவிலிருந்து பிரிந்து தனி ஆட்சிப்பகுதியானது. அந்நாளில் பர்மாவில் வாழ்ந்த இந்தியர் தொகை ஏறத்தாழ 10 இலட்சம்.

பர்மாத் தமிழரின் இழப்பைப் பற்றிய நம் நினைவு இரண்டு ஆண்டுகளையே சுற்றி அமைந்துள்ளது. ஒன்று, சப்பானியப் படையெடுப்பால் மக்கள் கால்நடையாக வெளியேறிய 1942. மற்றொன்று, நே வின் ஆட்சியில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்ட 1964. இவ்விரு நிகழ்வுகளுக்கும் அடித்தளமிட்ட 1937 பெரும்பாலும் பேசப்படுவதில்லை. பிரிவினை எவரையும் உடனடியாக வெளியேற்றவில்லை. அது பெயர்ந்தவரின் சட்டப் பெயரை மட்டுமே மாற்றியது. பின்னாளைய வெளியேற்றங்கள் அனைத்தும் அப்பெயர் மாற்றத்தின்மேல் எழுந்தவை என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு ஒப்பீட்டுக் களமாக அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் கொள்ளப்படுகின்றன. பர்மாவும் அந்தமானும் ஒரே கடலின் இரு கரைகள். ஒரே ஆட்சியின் கீழ் மக்கள் பெயர்ந்து சென்ற இடங்கள். ஒன்று விலகியது, மற்றொன்று விலகவில்லை.

ஒரே ஆட்சியின் கீழ் இரு கரைகள்

பர்மா மூன்று போர்களின்வழி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1826இல் அரக்கானும் தெனாசரிமும், 1852இல் கீழ்ப்பர்மாவும், 1885இல் மேல்பர்மாவும் கைப்பற்றப்பட்டன. 1886 முதல் நாடு முழுமையும் பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாக ஆளப்பட்டது. எனவே, இராமநாதபுரத்திலிருந்தோ தஞ்சையிலிருந்தோ இரங்கூனுக்குச் செல்வது, சட்டத்தின் பார்வையில், சென்னையிலிருந்து பம்பாய்க்குச் செல்வதைப் போன்றதே. கடவுச்சீட்டு வேண்டுவதில்லை, நாணயம் ஒன்றே, சுங்கத்தீர்வை இல்லை. இலங்கை, மலேயா ஆகியவற்றிற்குச் சென்ற தமிழரின் நிலையிலிருந்து இது வேறுபட்டது. அவ்விரண்டும் பிரித்தானிய இந்தியாவின் பகுதிகள் அல்ல.

இத்தடையற்ற நிலை கீழ்ப்பர்மாவின் ஐராவதி வடிநிலத்தை உலகின் பெரும் நெல் ஏற்றுமதிப் பகுதியாக மாற்றியது. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டமை இவ்வளர்ச்சியை விரைவுபடுத்தியது. காடு திருத்திக் கழனியாக்கிய பர்மிய உழவருக்கு முதல் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் அவ்வுழவரை அணுகவில்லை. அவ்விடத்தை நிரப்பியவர் நாட்டுக்கோட்டை நகரத்தார். 1930ஆம் ஆண்டின் பர்மா மாகாண வங்கி விசாரணைக்குழு, அங்கு ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும் அவர்தம் முதலீடு ஏறக்குறைய 75 கோடி ரூபாய் அளவினது என்றும் மதிப்பிட்டது. முதலாளி செட்டிநாட்டில் இருக்க, முகவரும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இரங்கூன் மொகல் தெருவின் கிட்டங்கிகளிலும் உள்ளூர்க் கடைகளிலும் பணியாற்றினர். அவர்களைவிட எண்ணிக்கையில் மிகப் பெரிய பிரிவினர் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் வயல்களிலும் மேஸ்திரியின்கீழ் உழைத்த தமிழ், தெலுங்குத் தொழிலாளர். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இரங்கூன் நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்.

கடலின் மறுகரையான அந்தமானிலும் இதே காலத்தில் மக்கள் பெயர்ச்சி நிகழ்ந்தது. அங்கு 1858இல் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டது. இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். 1930 திசம்பரில் பர்மாவின் தாராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் எழுந்த உழவர் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்டோர் சிலரும் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். காட்டு வேலைக்காக 1925இல் பர்மாவிலிருந்து கரேன் இனக் குடும்பங்கள் அழைத்துவரப்பட்டு மத்திய அந்தமானின் மாயாபந்தர்ப் பகுதியில் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் அமைத்த வெபி என்னும் ஊர் இன்றும் உள்ளது. 1925இல் இரங்கூனில் இறங்கிய தமிழ்த் தொழிலாளியும், அதே ஆண்டில் மாயாபந்தரில் இறங்கிய கரேன் தொழிலாளியும் சட்டத்தின்முன் ஒரே வகையினர். ஒரு மாகாணத்திலிருந்து மற்றோர் ஆட்சிப் பகுதிக்குச் சென்ற பிரித்தானிய இந்தியக் குடிகள் அவர்கள்.

விலகல் முடிவு செய்யப்பட்ட முறை

பர்மாவைப் பிரிக்க வேண்டும் என்று 1930இல் சைமன் ஆணையம் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல்விலை சரிந்தது. கடன்பட்ட உழவர் நிலத்தை இழக்கலாயினர். மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை ஒட்டி மூண்ட கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவற்றைக் கொண்டு, பர்மிய மக்கள் இந்தியர்மீது கொண்ட வெறுப்பினால் பிரிவினையைக் கோரிப் பெற்றனர் என முடிவு செய்தல் எளிது. ஆயின், வரலாறு அவ்வளவு நேரானதன்று.

1932 நவம்பரில் பிரிவினையையே முதன்மைச் சிக்கலாகக் கொண்டு நிகழ்ந்த சட்டமன்றத் தேர்தலில் பெரும்பான்மை பெற்றவர் பிரிவினை எதிர்ப்பாளரே. இந்தியாவிலிருந்து பிரிந்தால் இந்தியாவிற்குக் கிடைக்கவிருக்கும் அரசியல் உரிமைகள் தமக்குக் கிட்டாமற்போகும் என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. அதே வேளையில், இந்தியக் கூட்டரசில் நிலையாக இணைந்திருக்கவும் அவர்கள் விரும்பவில்லை. வேண்டியபோது விலகும் உரிமையுடன் இணைவதே அவர்தம் கோரிக்கை. ஆங்கில அரசோ அவ்வுரிமையை மறுத்தது: இணைந்தால் என்றென்றைக்கும் இணைய வேண்டும், இல்லையேல் இப்போதே பிரிய வேண்டும் என்றது. இவ்விரண்டுள் ஒன்றைத் தெளிவாகத் தேர்ந்தெடுக்கச் சட்டமன்றத்தால் இயலவில்லை. இறுதியில் முடிவு இலண்டனில் எடுக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டுச் சட்டங்களின்வழிப் பிரிவினை உறுதியாயிற்று. பிரிவினை எதிர்ப்பாளருள் முன்னணியில் நின்ற பா மாவ், பிரிந்த பர்மாவின் முதல் பிரதமர் ஆனார்.

இங்கு ஐரோப்பிய நிகழ்வுடன் ஓர் ஒப்புமையும் ஒரு வேற்றுமையும் சுட்டத்தக்கன. ஐரோப்பிய ஒன்றியத்தின் லிசுபன் உடன்படிக்கை, உறுப்பு நாடு விலகும் உரிமையைத் தன் 50ஆம் உறுப்பில் முன்கூட்டியே ஏற்றுள்ளது. பர்மியத் தலைவர்கள் கேட்டு மறுக்கப்பட்டது இத்தகைய உரிமையே. அவ்வுரிமை மறுக்கப்பட்டமையே விலகலை விரைவுபடுத்தியது எனலாம். ஒப்புமை யாதெனில், இரு நிகழ்வுகளிலும் விலகலால் பெரிதும் பாதிக்கப்படவிருந்த பெயர்ந்தோர் முடிவெடுப்பதில் பெரும் பங்கு பெறவில்லை. இரங்கூன் துறைமுகத் தொழிலாளிக்கு வாக்குரிமை அரிது. நாட்டுக்கோட்டைச் செட்டியார் சங்கத்துக்குப் புதிய சட்டமன்றத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அது பிரிவினை முடிவான பின்னர்க் கிடைத்த இடம்.

இடைக்காலக் காப்பும் அதன் முடிவும்

விலகலை ஒட்டி மூன்று கணக்குகள் தீர்க்கப்பட வேண்டியிருந்தன: கடன், வாணிகம், மக்கள். இவற்றுள் முதலிரண்டும் விரைவாகத் தீர்க்கப்பட்டன. இந்திய அரசின் பொதுக்கடனில் பர்மாவின் பங்கைக் கணக்கிட ஆமெரி தலைமையில் ஒரு தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது. அது பர்மாவின் பங்கு 7.5 விழுக்காடு எனக் கொண்டது. இந்திய ரிசர்வ் வங்கி பிரிவினைக்குப் பின்னரும் பர்மாவின் நடுவண் வங்கியாகத் தொடர்ந்தது. போர்க்காலத்தில் தடைப்பட்ட இவ்வேற்பாடு 1947 ஏப்ரல்வரை நீடித்தது.

வாணிகத்துக்கும் மக்கள் போக்குவரத்துக்கும் இடைக்காலக் காப்பு அளிக்கப்பட்டது. இரு நாட்டிடையே சுங்கத்தீர்வை இல்லாத நிலையும் குடிவரவில் பழைய நிலையும் குறைந்தது மூன்றாண்டு தொடரும் எனப் பிரித்தானிய அரசின் ஆணைகள் 1937இல் வகுத்தன. இக்காப்பின் விளைவாக, ஏப்ரல் 2 அன்று இரங்கூனில் கண்விழித்த தமிழருக்கு வாழ்வில் எம்மாற்றமும் தென்பட்டிருக்க வாய்ப்பில்லை. கப்பல்கள் முன்போலவே ஓடின, ரூபாய் செல்லுபடியாயிற்று. வெ. சாமிநாத சர்மாவை ஆசிரியராகக் கொண்ட 'ஜோதி' இதழ் இரங்கூனிலிருந்து வெளிவரத் தொடங்கியதும் இதே 1937ஆம் ஆண்டில்தான். ஏ.கே. செட்டியார் ஆசிரியப் பணியாற்றிய 'தனவணிகன்' இதழைத் தந்த அந்நகரில் தமிழ் இதழியல் புதிய முயற்சிகளில் துணிந்து இறங்கியது. அயல்நாடு ஆகிவிட்ட ஓரிடத்தில் அவர்கள் தங்களை அயலாராகக் கருதவில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஆனால், அடியில் நிலை மாறிக்கொண்டிருந்தது. நெல்விலைச் சரிவால் கடன் திரும்பாத நிலையில் நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காட்டு நிலமே செட்டியார் வசம் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடாயிற்று. நகரத்தார் விரும்பியது பணமே அன்றி நிலமன்று. ஆயினும் நிலமிழந்த பர்மிய உழவருக்கு அவ்வேறுபாடு பொருளற்றது. அவர் கண்ட காட்சி ஒன்றே: தம் நாட்டின் கால்பங்கு நன்செய் அயலார் கையில். 'அயலார்' என்னும் சொல் இப்போது வெறும் வசைச்சொல் அன்று. சட்டச்சொல்லும் ஆயிற்று என்பதை இங்குக் கருத வேண்டும். 1930இல் தமிழ் லேவாதேவிக்காரர் வேற்று மாகாணத்தார். 1938இல் வேற்று நாட்டார்.

இம்மாற்றத்தின் பயன் சட்டமன்றத்தில் வெளிப்பட்டது. 1939 முதல் 1941 வரை குத்தகை, நில உரிமை மாற்றம், நிலம் கையகப்படுத்தல் ஆகியவை குறித்த சட்டங்கள் இயற்றப்பட்டன. உழவர் நலன் நோக்கில் இவை தேவையானவையே. 1938 சூலையில் மூண்ட கலவரங்கள் இந்திய எதிர்ப்பு உணர்வை மேலும் கூர்மையாக்கின. மூன்றாண்டுக் காப்பு முடிந்த 1940 ஏப்ரலில் வாணிக ஏற்பாட்டை முடித்துக்கொள்ளப் பர்மா ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்தது. 1941இல் சலுகைத் தீர்வைகளைக் கொண்ட புதிய வாணிக உடன்பாடு ஏற்பட்டது.

மக்கள் கணக்கு இறுதியில் வந்தது. குடிவரவை ஆராய அமர்த்தப்பட்ட ஜேம்சு பாக்சுடரின் அறிக்கையைத் தொடர்ந்து 1941 சூனில் இந்திய–பர்மியக் குடிவரவு உடன்பாடு உருவாயிற்று. அனுமதிச் சீட்டுமுறை வந்தது. பர்மாவில் பிறந்து அந்நாட்டையே தம் நிலையான இருப்பிடமாகக் கொண்டோர்க்கு ஒரு நிலை; 1932 சூலை முதல் 1941 சூலை வரையிலான காலத்தில் மொத்தம் ஏழாண்டு அங்கு வாழ்ந்ததை மெய்ப்பிப்போர்க்கு ஒரு நிலை; ஏனையோர்க்கு மற்றொரு நிலை என மக்கள் வகைப்படுத்தப்பட்டனர். காந்தியடிகள் உள்ளிட்டோர் இவ்வுடன்பாட்டைக் கடுமையாக எதிர்த்தனர். ஆண்டுதோறும் அறுவடைக்குச் சென்று மீளும் கூலித் தொழிலாளியிடம் ஏழாண்டு வாழ்ந்தமைக்கு ஆவணம் ஏது? எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பிரிட்டன் தன் நாட்டில் வாழ்ந்த ஐரோப்பியக் குடிகளிடம் நிலையான இருப்புரிமைக்கு ஐந்தாண்டுத் தொடர் வாழ்வுக்குச் சான்று கேட்டமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஒன்றியம் இருக்கும்வரை வாழ்தல் மட்டுமே போதுமாக இருந்தது. ஒன்றியம் நீங்கியபின் வாழ்ந்ததை மெய்ப்பிக்கவேண்டிய சுமை வாழ்ந்தவர்மேல் விழுகிறது.

1942: போர் மறைத்த காரணம்

இவ்வுடன்பாடு முழுமையாக நடைமுறைக்கு வருமுன் போர் மூண்டது. 1941 திசம்பர் 23 அன்று இரங்கூன்மீது சப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1942 மார்ச்சுத் திங்களில் இரங்கூன் வீழ்ந்தது. அடுத்த இரு வாரங்களில், மார்ச்சு 23 அன்று, அந்தமானும் சப்பானியர் வசமாயிற்று. கடலின் இரு கரைகளும் ஒரே மாதத்தில் ஒரே படையின் கீழ் வந்தன.

பர்மாவிலிருந்து 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வெளியேறினர். கப்பலில் இடம் பெற்றோர் சிலரே. பெரும்பாலோர் அரக்கான் மலைவழியாகவும் தமு, இம்பால் வழியாகவும் நடந்தனர். வழியில் பசியாலும் நோயாலும் இறந்தோர் பல்லாயிரவர். இப்பெயர்ச்சியின் தமிழ்ச் சான்றாக வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்' விளங்குகிறது. பொதுமக்கள் நினைவில் இதனை நிலைநிறுத்தியது 1952இல் வெளிவந்த 'பராசக்தி' திரைப்படம். இரங்கூனில் வாழும் உடன்பிறந்தோர் போரினால் சிதறுவதில் அக்கதை தொடங்குகிறது.

இப்படைப்புகள் போரை முன்னிறுத்துவது இயல்பே. ஆயின், ஆய்வாளர் ஒரு வினாவை எழுப்பவேண்டும். போர் முடிந்தபின் அவர்கள் ஏன் முன்போல் திரும்பிச் செல்ல இயலவில்லை? 1947இல் பர்மிய அரசு அவசரக் குடிவரவுச் சட்டத்தால் நுழைவைக் கட்டுப்படுத்தியது. போரினால் வீடிழந்தவர் ஒரு மாகாணத்தின் குடியாக இருந்திருந்தால் தம் வீட்டுக்குத் திரும்பும் உரிமை உடையவர். அவர்களோ 1937 முதல் வேற்று நாட்டினர். போர் அவர்களை வெளியேற்றியது. திரும்பும் வாயிலை அடைத்தது பிரிவினை.

1948 முதல் 1964 வரை

1948 சனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றது. காமன்வெல்த்து அமைப்பிலும் அது சேரவில்லை. இது இரண்டாவது விலகல் எனத்தக்கது. அவ்வாண்டே இயற்றப்பட்ட நில நாட்டுடைமைச் சட்டம் நகரத்தார் நிலங்களின்மீது குறிவைத்தது. குடியுரிமைச் சட்டங்களின் கீழ் விண்ணப்பித்துக் குடிமக்களானோர் குறைவு. ஊரில் குடும்பமும் உறவும் இருக்க, அக்கரையில் தொழில் இருக்க, இரண்டனுள் ஒன்றைத் தேர்க என்னும் கட்டாயத்தை அவர்கள் அதற்கு முன் சந்தித்ததில்லை.

1962 மார்ச்சு 2 அன்று நே வின் தலைமையில் படையாட்சி ஏற்பட்டது. 1963இல் வங்கிகளும், 1964 மார்ச்சில் இரங்கூன் கடைகளும் நாட்டுடைமையாயின. அவ்வாண்டு மே மாதம் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. இந்திய அரசு ஏற்பாடு செய்த கப்பல்களில் மக்கள் சென்னைக்கு வந்து இறங்கினர். தமிழ்நாட்டுக்கு வந்தோர் தொகை ஏறத்தாழ 1.44 இலட்சம். நகையும் பணமும் எடுத்துவர மிகக் குறைந்த அளவே இசைவு இருந்தது. சென்னைக் கடற்கரைச் சாலையின் பர்மா பஜாரும், தமிழக நகரங்கள் பலவற்றில் உள்ள பர்மா காலனிகளும், மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயின் தமிழ்க் குடியிருப்பும் இவ்வரலாற்றின் எச்சங்கள். மீண்டும் பர்மாவுக்குத் தரைவழிச் செல்ல முயன்றோர் எல்லையில் தங்கியதால் உருவானதே மோரேத் தமிழர் சமுதாயம். வாயில் அடைபட்டமைக்கு அதனினும் தெளிவான சான்று இல்லை.

1982இல் பர்மா இயற்றிய குடியுரிமைச் சட்டம், 1823ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்நாட்டில் குடியிருந்த இனங்களையே பிறப்புவழிக் குடிமக்களாக ஏற்கிறது. முதல் ஆங்கில–பர்மியப் போருக்கு முந்திய ஆண்டு அது. பிரித்தானிய இந்தியாவுடன் பர்மா இணைந்திருந்த காலம் முழுவதிலும் வந்தவர் இவ்வொரு வரியால் புறத்தே நிறுத்தப்பட்டனர்.

அந்தமான்: விலகாத கரை

இனி மறுகரையை நோக்கலாம். 1937இல் அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் இந்தியாவுடனேயே நின்றன. 1947க்குப் பின்னரும் அவ்வாறே. இதன் விளைவு மாயாபந்தர்க் கரேன் மக்களின் வாழ்வில் தெளிவாகப் புலப்படுகிறது. அவர்கள் பிறந்த நாடு 1937இல் அயல்நாடாயிற்று. அவர்களோ அயலார் ஆகவில்லை. விடுதலை இந்தியாவின் குடிமக்கள் ஆயினர். இன்று அத்தீவுகளின் பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் பட்டியலில் கரேன் மக்களும், 1942க்கு முன் குடியேறியவர்தம் வழியினரும் இடம்பெற்றுள்ளனர். 'முன்-42' என்பது அங்கு ஒரு சமுதாயத்தின் பெயர். ஒரு கரையில் 1942க்கு முன் வந்திருந்தால் தனி அறிந்தேற்பு. மறுகரையில் 1823க்கு முன் வந்திராவிட்டால் ஐயம். ஒரே கடலைக் கடந்த, ஒரே காலத்தவரான இருவேறு மக்களின் நிலையை இவ்விரு ஆண்டெண்கள் பிரித்துக் காட்டுகின்றன.

கோகோத் தீவுகளின் வரலாறும் இங்கு எண்ணத்தக்கது. வட அந்தமானுக்கு வடக்கே, நிலவியல் நோக்கில் அதே தீவுத்தொடரில் அமைந்தவை அவை. 1882இல் நிருவாக வசதி கருதி அவை கீழ்ப்பர்மாவின் ஆட்சியில் சேர்க்கப்பட்டன. அன்று அது ஓர் அரசின் இரு அலுவலகங்களுக்கிடையே கோப்பு மாறியதற்கு ஒப்பானதே. 1937இல் அக்கோடு இரு ஆட்சிப் பகுதிகளின் எல்லையாயிற்று. 1948இல் இரு நாடுகளின் எல்லையாயிற்று. 1986 திசம்பரில் இந்தியாவும் பர்மாவும் கையெழுத்திட்ட கடல் எல்லை உடன்பாடு அதனைப் பன்னாட்டுச் சட்டத்தில் நிலைப்படுத்தியது. கோடு நகரவில்லை, அதன் பொருள் மாறியது. தீவுக்கு நேர்ந்தது எதுவோ அதுவே மக்களுக்கும் நேர்ந்தது.

விலகிய கரையிலிருந்து திரும்பியோருக்கு விலகாத கரை புகலிடமாகவும் கருதப்பட்டது. 1960களில் தீவுகளின் விரைவு வளர்ச்சிக்கென வகுக்கப்பட்ட திட்டங்களில், கிழக்குப் பாகிசுதானிலிருந்து வந்தோருடன் பர்மா, இலங்கை ஆகியவற்றிலிருந்து தாயகம் திரும்பியோரும் குடியமர்த்தத்தக்கோராகக் கொள்ளப்பட்டனர். 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாத்திரி உடன்பாட்டின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் சிலர் நிக்கோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத் திட்டத்தின்கீழ்க் குடியேறினர். 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மிகக் கடுமையாகத் தாக்கிய தீவுகளுள் கச்சாலும் ஒன்று. ஒருமுறை சட்டத்தாலும் ஒருமுறை கடலாலும் இடம்பெயர்ந்தோர் அவர்கள். இன்று தீவுகளின் மக்கள்தொகையில் (2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3.8 இலட்சம்) தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 15 விழுக்காட்டினர். அவர்களுள் பெரும்பாலோர் 1942க்குப் பின் வந்தோராதலின் மேற்கூறிய பட்டியலில் இடம்பெறார். எனினும் அவர்தம் குடியுரிமை வினாவுக்கு உட்பட்டதன்று. ஸ்ரீ விஜயபுரம் என 2024இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் கடை வைத்திருக்கும் தமிழர் வேற்றூரார் எனப்படலாம். வேற்று நாட்டார் எனப்படார்.

ஒப்பீட்டின் எல்லைகள்

இவ்வொப்பீட்டை அளவுக்கு மீறி நீட்டுதல் தவறு. பர்மா, தனக்கென நெடிய அரசும் இலக்கியமும் சமயமும் உடைய நாடு. போரில் தோற்று ஒரு பேரரசின் மாகாணமாக ஆக்கப்பட்டது. அந்நாட்டினர் இந்தியாவுடன் இணைய ஒருபோதும் கேட்டதில்லை. நிலமிழந்த உழவரின் குறை உண்மையானது. அதனைத் தமிழரின் இழப்பை மட்டும் பேசும் வரலாறு மறைத்தல் கூடாது.

அந்தமானில் புதிதாக வந்தோர் அயலார் எனப்படாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அத்தீவுகளின் தொல்குடிகளாகிய பெரிய அந்தமானியர் குடியேற்றத்தாலும் நோய்களாலும் பெரும்பாலும் அழிந்தனர். வந்தவரை அயலார் எனச் சொல்லத்தக்கவர் குரல் சட்டமன்றம் எதிலும் ஒலிக்கவில்லை. எனவே, 'விலகாத கரை'யின் அமைதி முழுமையான நீதியைக் காட்டுவதன்று. ஒரு சட்ட ஒன்றியம் நீடித்தால் அதனுள் பெயர்ந்தோர் நிலை என்னவாகிறது என்னும் ஒரு கூற்றை மட்டுமே அந்தமான் நமக்கு ஒப்பிட்டுக் காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிச் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பர்மாவின் விலகல் பெரும்பான்மையோரின் தெளிந்த தேர்வாக அமையவில்லை; விலகும் உரிமையுடன் இணைந்திருக்கும் வழி மறுக்கப்பட்டமையால் நேர்ந்தது. கடன் கணக்கும் வாணிகக் கணக்கும் முதலில் தீர்க்கப்பட்டன. மக்கள் கணக்கு இறுதிவரை தீராமலே நின்றது. மூன்றாண்டு இடைக்காலக் காப்பு, மாற்றம் நிகழவில்லை என்னும் தோற்றத்தைத் தந்தது. அத்தோற்றத்தில் நம்பிக்கை வைத்தோர் தம் நிலையை ஆவணப்படுத்திக்கொள்ளவில்லை. 1942இன் போரும் 1964இன் நாட்டுடைமையும் பிரிவினை முன்பே அயலாராக்கியிருந்தவர்கள்மீதே வந்து விழுந்தன.

பர்மாத் தமிழர் வரலாற்றைப் போரின் கதையாகவும் ஒரு படைத்தலைவரின் கொடுமையாகவும் மட்டும் எழுதுவோமாயின், அதிலிருந்து கற்க ஒன்றுமில்லை. போரும் கொடுமையும் எங்கும் நிகழ்பவை. அதனை ஒரு விலகலின் வரலாறாக எழுதுவோமாயின், அரசுகள் பிரியும் ஒவ்வோரிடத்தும் கேட்கவேண்டிய வினாவை அது தருகிறது: பிரியும் நாளன்று எல்லையின் தவறான பக்கத்தில் நிற்பவர் யார், அவர் பெயர் நாளை என்னவாகும்? செட்டிநாட்டுக் கணக்கேடுகளிலும், இரங்கூன் தமிழ் இதழ்களிலும், பர்மா காலனிகளிலும் அந்தமான் குடியிருப்புகளிலும் வாழும் முதியோர் நினைவிலும் இவ்வினாவுக்குரிய சான்றுகள் எஞ்சியுள்ளன. ஏடுகள் செல்லரிக்குமுன்னும் முதியோர் மறையுமுன்னும் அவற்றைத் திரட்டுதல் தமிழாய்வுத் துறைகளின் கடமையாகும்.